அடுத்த வண்டி எப்போ சார்? லோக்கல் ட்ரெயின் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு ஓரமா "லோக்கல் ட்ரெயின்ல போறவங்க உங்க சந்தேகத்தை எழுதுங்க"ன்னு ஒரு வரி போட்டதுக்கு கார்டும் வாட்ஸ்அப்பும் மெயிலுமா வந்து குவிஞ்சிருச்சு. பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டை நானே படிச்சு வச்சுக்கிட்டேன், கேள்வியில கொஞ்சத்தை மட்டும் இங்க எடுத்துருக்கேன். பதில் சொல்ற தகுதி உனக்கு என்னடான்னு கேட்டா, இருபது வருஷத்துக்கு மேல பெருங்களத்தூர்ல ஏறி நுங்கம்பாக்கத்துல இறங்குற சீசன் டிக்கெட் ஆளு, அவ்ளோதான்.

லீவுக்கு வந்தப்போ சென்னை பீச் ஸ்டேஷன்ல இறங்கினா அலை பாக்கலாம்னு புள்ளைங்களை கூட்டிட்டு வந்துட்டேன். வெளிய வந்து பாத்தா லாரியும் ஆபீஸ் கட்டடமும்தான் இருக்கு. எதுக்கு சார் இந்தப் பேரு?
வாசகர், விழுப்புரம்

நீங்க முதல் ஆளு இல்ல, கடைசி ஆளும் இல்ல. ஒரு காலத்துல கடல் அந்த ரோடு கிட்ட வரைக்கும் நிஜமாவே வந்துட்டுதான் இருந்துச்சு, இப்போ ராஜாஜி சாலைன்னு சொல்றோமே அதுக்கு ஃபர்ஸ்ட் லைன் பீச்னுதான் பழைய பேரு. அப்புறம் 19ம் நூற்றாண்டு கடைசியில ஹார்பர் கட்டினாங்க, கடலை நிரப்பி இடம் எடுத்தாங்க, தண்ணி அப்படியே கிழக்க தள்ளிப் போயிடுச்சு, ஸ்டேஷன் மட்டும் பழைய பேரோட அங்கயே நிக்குது. அதே ஹார்பர் சுவர் தடுத்துத்தான் தெக்கு பக்கம் மணல் சேர்ந்து மெரினா இவ்ளோ அகலமாச்சு, வடக்க ராயபுரம் பக்கம் கடல் அரிச்சுட்டு வந்துச்சு. அடுத்த தடவை வந்தா பீச்லயே பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கம் இல்ல திருவல்லிக்கேணில இறங்கி நடங்க, மெரினா வந்துரும். புள்ளைங்க உங்களை மன்னிச்சுருவாங்க.

ஏர்போர்ட் போக மீனம்பாக்கத்துல இறங்கணுமா?
வாசகி, மதுரை

வேண்டாம்மா, திரிசூலம். பேர் மீனம்பாக்கத்துல இருக்கு, ஏர்போர்ட் திரிசூலத்துக்கு எதிர்ல இருக்கு. பெட்டியோட மீனம்பாக்கத்துல இறங்கி நின்னு முழிக்கிறவங்களை வாரத்துக்கு ரெண்டு பேராவது பாத்துட்டு இருக்கேன்.

தஞ்சாவூர்ல இருந்து எங்க பெரியப்பா தாம்பரத்துல வந்து இறங்குறாரு, ஆவடிக்கு எங்க வீட்டுக்கு வரணும். ஆட்டோ வேண்டாம் ட்ரெயின்லயே வரேன்னு பிடிவாதம். வயசு 71. வழி சொல்லுங்க.
வாசகர், ஆவடி

பெரியப்பா கட்சிதான் நானும். ஆனா இந்த ஊர் லோக்கல்ல சிரமமே வண்டி மாறுறதுலதான் இருக்கு, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன், பிரிண்ட் எடுத்து அவர் பாக்கெட்ல வச்சுருங்க.

முதல்ல தாம்பரம் கவுன்டர்லயே ஆவடிக்கு ஒரே டிக்கெட்டா கேட்டு வாங்கச் சொல்லுங்க, நடுவுல திரும்ப க்யூவுல நிக்க வேண்டியதில்ல. பீச் வண்டி ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கணும். பார்க் டவுன் இல்ல, பார்க். பார்க் டவுன்ங்கிறது பறக்கும் ரயில் ஸ்டேஷன், அதுவும் பக்கத்துலதான் நிக்குது, தமிழ் போர்டு ரெண்டுலயும் பூங்கா இருக்கும், புதுசா வர்றவங்களுக்கு தலை சுத்தும். பார்க்ல படி ஏறி இறங்கி வெளிய வந்தா பெரிய ரோடு, எதிர்ல சென்ட்ரல். ரோட்டை குறுக்க கடக்கவே கூடாது, சப்வே இருக்கு. சப்வேல ரெண்டு பக்கமும் கடை, கூட்டம் இழுத்துட்டுப் போகும், தப்பான படில ஏறினா பஸ் ஸ்டாப்ல போய் நிப்பாரு. மேல ஏறினதும் சென்ட்ரல் சிவப்புக் கட்டடத்தைப் பாத்து நின்னா இடது கை பக்கம் இருக்கிறதுதான் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ், லோக்கல் எல்லாம் அங்கேர்ந்துதான். பழைய மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சுபோச்சு, அந்த இடம்தான் இது, பெரியப்பாவுக்கு ஞாபகம் இருந்தாலும் இருக்கும், பழைய புத்தகம் வாங்கினவரா இருந்தா ஒரு நிமிஷம் நின்னு பெருமூச்சு விடுவாரு, விடட்டும்.

அங்க இன்னொரு கண்டம் இருக்கு. அதே இடத்துல இருந்து கும்மிடிப்பூண்டி வண்டியும் போகும். போர்டைப் பாக்காம ஏறினா ஆவடிக்குப் பதிலா எண்ணூர் காத்து வாங்கிட்டு வருவாரு. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் இந்த மூணுல எது எழுதியிருந்தாலும் ஏறலாம்.

நடக்கவே முடியாதுன்னா பார்க்ல இறங்காம நேரா பீச் வரைக்கும் வரச் சொல்லுங்க, அங்கேர்ந்து ராயபுரம் வழியா ஆவடி பக்கம் போற வண்டி சிலது இருக்கு, ரோடு தாண்டுற வேலையே இல்ல. கம்மியான வண்டிதான், நேரம் பாத்துட்டு வரணும். போற வழில ராயபுரம் ஸ்டேஷனைக் காட்டச் சொல்லுங்க, 1856ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயிலே வாலாஜா ரோடுக்கு அங்கேர்ந்துதான் கிளம்புச்சு, அந்தக் கட்டடம் இன்னும் தூணோட நிக்குது.

ஏசி ட்ரெயின் விட்டுருக்காங்களே, போயிட்டு வந்தீங்களா? காசுக்கு தகுமா?
வாசகி, குரோம்பேட்டை

போனேன். மே மாசம், மதியம் ரெண்டு மணி, கோடம்பாக்கத்துல கதவு மூடுச்சு, வெளிய சத்தம் அப்படியே அறுந்து போச்சு. என் பக்கத்துல ஒரு பெரியவர் சட்டை மேல் பட்டனைப் போட்டுக்கிட்டாரு, குளிருதாம். மாம்பலம் வந்தது கூட தெரியல. நல்லாதான் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய்.

2025 ஏப்ரல் 19ம் தேதி ஓட ஆரம்பிச்சது, 12 பெட்டி, நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில செஞ்சது. இதுல எனக்கு ஒரு வயித்தெரிச்சல் உண்டு. இதே பெரம்பூர்ல செஞ்ச ஏசி லோக்கல் மும்பைல 2017 டிசம்பர் 25லயே ஓட ஆரம்பிச்சிருச்சு. வில்லிவாக்கத்துல நிக்கிறவன் வேர்வையைத் துடைச்சுக்கிட்டே அந்த ஃபேக்டரியைப் பாத்துட்டு ஏழு வருஷத்துக்கு மேல காத்துட்டு இருந்தான், சமைச்சது நம்ம வீட்டுல பந்தி அடுத்த வீட்டுலங்கிற கதை.

காசு விஷயத்துக்கு வருவோம். சாதா வண்டில குறைஞ்சபட்சம் 5 ரூபா, பீச்ல இருந்து தாம்பரம் வரைக்குமே 10 ரூபாதான். ஏசில குறைஞ்சபட்சமே 35, செங்கல்பட்டு கோடி வரைக்கும் போனா 105. வாரத்துல ஒரு நாள் உடம்பு முடியாதப்போ, ஆஸ்பத்திரிக்கு வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறப்போ, இன்டர்வியூக்கு சட்டை கசங்காம போகணும்னா தாராளமா தகும். தினம் போறவனுக்கு? அவன் சாதா சீசன் எடுத்தா மாசத்துல 20 நாள் போயிட்டு வர்ற டிக்கெட் காசுல கிட்டத்தட்ட பாதிதான் ஆகும், அந்த மனுஷன் ஏன் மாறணும். இன்னொண்ணு, சாதா சீசனை வச்சுக்கிட்டு ஏசில ஏறிடாதீங்க, செல்லாது, மாட்டினா டிக்கெட் காசு போக 250 ரூபா தனியா. எனக்கு ஏசி மேல கோவம் இல்ல, அதே தண்டவாளத்துல அதே ஒன்பது மணிக்கு இன்னும் ரெண்டு சாதா வண்டி விட்டுட்டு அப்புறம் ஏசி விட்டிருந்தா நானே கை தட்டியிருப்பேன்.

காலைல செங்கல்பட்டுல இருந்து வர்ற வண்டி கூடுவாஞ்சேரி தாண்டி சும்மா நிக்குது. யாரும் ஏறல, யாரும் இறங்கல. எதுக்கு நிக்குதுன்னு டிரைவருக்காவது தெரியுமா?
வாசகர், மறைமலை நகர்

அவருக்கு சிவப்பு விளக்கு தெரியும், அதுக்கு மேல தெரிஞ்சுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்ல. விஷயம் இதுதான். எழும்பூர்ல இருந்து தாம்பரம் வரைக்கும் நாலு தண்டவாளம், அதுல ரெண்டு லோக்கலுக்குன்னே. தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு வரைக்கும் மூணுதான். நீங்க ஆபீஸ் கிளம்புற அதே நேரத்துலதான் தெக்கத்தி ஊர்ல இருந்து ராத்திரி பூரா ஓடி வர்ற எக்ஸ்பிரஸ் எல்லாம் வரிசை கட்டி ஊருக்குள்ள நுழையுது, அவங்க எட்டு மணி நேரமா உக்காந்து வந்தவங்க, உங்களை ஓரமா நிறுத்திட்டு அவங்களை விடுறாங்க. நாலாவது லைனுக்கு 2025ல பச்சைக்கொடி காட்டியிருக்காங்க, மண்ணு கொட்டி தண்டவாளம் போட்டு வண்டி ஓடுற அன்னிக்கு நாம ரெண்டு பேரும் ரிடையர் ஆகாம இருந்தா பாப்போம்.

பொன்னேரில இருந்தும் இதே புலம்பல் நாலு கார்டு வந்திருக்கு, அவங்களுக்கும் சேத்து சொல்லிடறேன். உங்க கதை இன்னும் மோசம், அத்திப்பட்டு வரைக்கும் நாலு லைன், அதுக்கு அப்புறம் கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரெண்டே ரெண்டு. அந்த ரெண்டுலயே டெல்லி வண்டி, கல்கத்தா வண்டி, சரக்கு வண்டி, சூலூர்பேட்டை வரைக்கும் போற நம்ம லோக்கல் எல்லாம். ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டா வாசல் வரைக்கும் லோக்கல் போகுது, நேரத்துக்குப் போகுதான்னு மட்டும் கேக்காதீங்க. எல்லாத்தையும் தாண்டி வந்தாலும் சென்ட்ரலுக்கு முன்னாடி பேசின் பிரிட்ஜ் அவுட்டர் சிக்னல்ல ஒரு கண்டம் பாக்கி. மேற்க இருந்து வர்றது, வடக்க இருந்து வர்றது, யார்டுல இருந்து காலி பெட்டியை இழுத்துட்டு வர்றது எல்லாம் அந்த ஒரு வாய்க்குள்ள நுழையணும். சென்ட்ரல் கோபுரம் கண்ணுக்குத் தெரியும், வண்டி நகராது.

என் பையன் ஏழாவது படிக்கிறான், போன மாசம்தான் 12 முடிஞ்சுது. லேடீஸ் பெட்டில கூட்டிட்டுப் போனா ஒரு அம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. யார் பக்கம் சரி?
வாசகி, பல்லாவரம்

அந்த அம்மா பக்கம். 12 வயசு வரைக்கும்தான், அதுக்கு மேல பையன் பொதுப் பெட்டி. கஷ்டம்தான், ஆனா அந்த அம்மாவையும் தப்பு சொல்ல முடியாது. சாயங்காலம் லேடீஸ் பெட்டின்னா அது பெட்டியே இல்ல, இன்னொரு வீடுன்னு எங்க வீட்டம்மா சொல்லுவா. மாம்பலத்துல ரங்கநாதன் தெருவுல இருந்து நேரா ஏறி வந்து முருங்கைக்கீரை கட்டைப் பிரிச்சு மடில பேப்பர் விரிச்சு ஆய ஆரம்பிச்சாங்கன்னா எதிர் சீட்டு அம்மாவும் கேக்காமலே ஒரு கைப்பிடி எடுத்துக்குவாங்க, குரோம்பேட்டை வர்றதுக்குள்ள கட்டு முடிஞ்சிடும், காம்பை பேப்பரோட சுருட்டி பைல வச்சுக்கிட்டு இறங்கி வீட்டுக்குப் போனதும் நேரா வாணலிதான். தலையை அவுத்து பின்னிக்கிறதும், மருமகளைப் பத்தி பேசுறதும், செருப்பைக் கழட்டி காலை எதிர் சீட்டுல நீட்டுறதும் அங்கதான் நடக்கும். அதுக்கு நடுவுல மீசை முளைக்கப் போற ஒரு பையன் நின்னா அவங்களுக்கும் கூச்சம், அவனுக்கும் கூச்சம். அடுத்த பெட்டில நிறுத்துங்க, இறங்கற ஸ்டேஷனை மட்டும் சொல்லி வைங்க, பிழைச்சுக்குவான்.

அவசரமா ஸ்டேஷனுக்குள்ள ஓடி வந்து போன் ஆப்ல டிக்கெட் போட்டா எடுக்க மாட்டேங்குது. அதுக்குள்ள டிடிஆர் பிடிச்சு ஃபைன் போட்டுட்டாரு. நான் ஏமாத்தல சார், டிக்கெட் எடுத்துட்டுதான் இருந்தேன்!
வாசகர், அம்பத்தூர்

நம்புறேன், ஆனா அவர் தினம் நூறு பேர்கிட்ட அதே வசனத்தைக் கேக்குறாரு. ஸ்டேஷனுக்குள்ள இருந்து பேப்பர் இல்லாத டிக்கெட் எடுக்க முடியாதபடிதான் அதை வச்சிருக்காங்க, ஜிபிஎஸ் பாத்து தடுக்கும். இல்லாட்டி என்ன ஆகும், எல்லாரும் ஓசில ஏறி உக்காந்துட்டு தூரத்துல கருப்பு கோட்டைப் பாத்ததும் பட்டனை அமுக்குவோம், நீங்களும் நானும் உட்பட. 2015ல முதல் முதல்ல இந்த பேப்பர் இல்லாத டிக்கெட்டை எழும்பூர் தாம்பரம் நடுவுலதான் சோதிச்சுப் பாத்தாங்க, அப்போ நானே ஸ்டேஷன் வாசல்ல இருந்து பின்னாடி பின்னாடி நடந்து டீக்கடை வரைக்கும் போய் டிக்கெட் எடுத்துருக்கேன், டீக்கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு. உள்ள வந்துட்டீங்கன்னா ஸ்டேஷன் சுவத்துல க்யூஆர் ஒட்டியிருக்கும், அதை ஸ்கேன் பண்ணி எடுக்கலாம். இல்லன்னா மெஷின் பக்கத்துல ரிடையர் ஆன ரயில்வேக்காரர் ஒருத்தர் நிப்பாரு, ஊர் பேர் சொன்னா டக்குனு அடிச்சுக் குடுப்பாரு, நம்ம விரலை விட அவர் விரல் வேகம்.

பறக்கும் ரயில் ஸ்டேஷனை எல்லாம் ஏன் அரண்மனை மாதிரி கட்டி பேய் பங்களா மாதிரி போட்டு வச்சிருக்காங்க? ராத்திரி ஒன்பது மணிக்கு தனியா இறங்க கால் நடுங்குது.
வாசகி, மந்தைவெளி

கடையும் ஆபீஸும் வாடகைக்கு விட்டு காசு பாக்கலாம்னு அவ்ளோ பெரிசா கட்டினாங்க, வாடகைக்கு வர வேண்டியவங்க வரல, புறா வந்துச்சு. 1995ல சேப்பாக்கம் வரைக்கும், 1997ல மயிலாப்பூர், 2004ல திருவான்மியூர், 2007ல வேளச்சேரின்னு தவணை முறைல வந்த ரயில் அது. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாவே போறதால ஸ்டேஷன் வாசல் எல்லாம் ஜனம் நடமாடுற கடைத்தெருவுல இல்லாம பின் சந்துல இருக்கு, உங்க கால் நடுங்குறதுக்கு பாதி காரணம் அதுதான். அதுலயும் 2023 ஆகஸ்ட் 27ல இருந்து பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல வண்டியே இல்ல, பீச் எழும்பூர் நாலாவது லைன் போடுறோம் ஏழே மாசம்னு சொன்னாங்க, 2024 அக்டோபர் 29லதான் திரும்ப விட்டாங்க. அந்தப் பதினாலு மாசத்துல பஸ்ஸுக்குப் பழகிப் போனவங்களை எல்லாம் திரும்ப எப்படிக் கூப்பிடுறது? மெட்ரோவோட சேக்கப் போறாங்க, 2025ல ரயில்வே போர்டு கொள்கை அளவுல சரின்னு சொல்லிடுச்சு. சேந்தா லைட் எரியும்னு நம்பலாம். அது வரைக்கும் நடு பெட்டில ஏறுங்க, இறங்கும்போது நாலு பேரோட சேந்து படி இறங்குங்க.

ஒருத்தன் லோக்கல் ட்ரெயினையே திருடிட்டுப் போனான்னு எங்க மாமா சொல்றாரு. சும்மா கதைதானே?
வாசகர், திருநின்றவூர்

மாமா சொல்றது நிஜம். 2009 ஏப்ரல் 29, விடியக்காலை. மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல கிளம்ப நேரம் இருக்க ஒரு லோக்கல் நின்னுட்டு இருந்துச்சு, கிளம்ப வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே யாரோ ஒருத்தன் ஏறி வண்டிய எடுத்துட்டான், சிக்னல் எதையும் மதிக்காம வேகமா போய் வியாசர்பாடி ஜீவா கிட்ட நின்ன சரக்கு வண்டில மோதிடுச்சு. நாலு பேர் செத்தாங்க. உள்ள உக்காந்திருந்தவங்களுக்கு வண்டி சீக்கிரம் கிளம்பிடுச்சேன்னு முதல்ல சந்தோஷம்தான் இருந்திருக்கும், அதை நினைச்சாதான் எனக்கு வயித்தைப் பிசையும்.

என் மகன் காலேஜுக்கு ஃபுட்போர்டுல தொங்கிட்டே போறான். எனக்கு எல்லா தூணும் தெரியும்மாங்கறான்.
வாசகி, சிங்கப்பெருமாள் கோயில்

அதேதான் 2018 ஜூலைல நடந்துச்சும்மா. ஜூலை 24, காலை நேரம், மேல போற கரன்ட் கம்பில கோளாறு, லோக்கல் வண்டிய எக்ஸ்பிரஸ் போற லைன்ல மாத்தி விட்டாங்க. தொங்கிட்டு வந்த பசங்களுக்கு லோக்கல் லைன்ல எந்தத் தூண் எங்க இருக்குன்னு மனப்பாடம், பரங்கிமலைல அந்த லைன் ஓரமா இருந்த சுவர் அவங்க மனப்பாடத்துல இல்ல. உயிர் போச்சு. எந்த லைன்ல வண்டி போகுங்கிறது உங்க மகன் கைல இல்ல, கம்பி மட்டும்தான் அவன் கைல இருக்கு. இதை அப்படியே கிழிச்சு அவன் பைல வைங்க.

மீட்டர் கேஜ் வண்டி ஞாபகம் இருக்கா தம்பி? நான் 1962ல இருந்து அதுல போனவன்.
ஓய்வு பெற்ற ஆசிரியர், மேற்கு மாம்பலம்

வணக்கம் ஐயா. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்துல ஓடின அந்த வண்டில கடைசி காலத்துலதான் ஏறினேன், ஆனா மறக்கல. 1931ல பீச் தாம்பரம் மின்சார வண்டி வந்தப்போ இந்தியாவுல பம்பாய்க்கு அடுத்தது நாமதான், மீட்டர் கேஜ்ல கரன்ட் வண்டின்னா நாமதான் முதல். எங்க பாட்டி கடைசி வரைக்கும் எலக்ட்ரிக் ட்ரெயின்னுதான் சொன்னாங்க, லோக்கல்னு சொன்னா அவங்களுக்குப் புரியாது. பெட்டி குறுகல், எதிரெதிர் சீட்டுல உக்காந்தா முட்டி முட்டும், வளைவுல ஆடுற ஆட்டத்துல பேப்பர் படிக்க முடியாது, அதனாலயே பக்கத்துல இருக்கிறவர்கிட்ட பேச்சுக் குடுப்போம். 2004 ஜூலை 1ம் தேதியோட நின்னுச்சு. அன்னிக்கு நான் லீவ் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டேன், கடைசி வண்டில ஏறாம விட்டுட்டேன், இது எனக்கு இன்னும் ஒரு குறை. நீங்க ஏறியிருந்தீங்கன்னா எழுதி அனுப்புங்க ஐயா, போடுறோம்.

அடுத்த பீச் வண்டி எப்போ சார்?
வாசகர், சானடோரியம்

போர்டுல 3 நிமிஷம்னு போட்டிருக்கா? அப்போ ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

உங்க சீசன் எது வரைக்கும்?
வாசகி, சேத்துப்பட்டு

இருங்க, எடுத்துப் பாக்கறேன். ஐயோ, நேத்தோட முடிஞ்சுது.